ஒரு மணியைத் தின்றவர்

வடதுருவத்துக்குப் பக்கத்துத் தீவான ஸ்கார்வோயின் ஆஸ்பத்திரியில் ஒட்னி ஐம்பத்தெட்டு புள்ளி மூன்று சதவீத நர்ஸாக இருந்தாள். பதினோரு வருஷமாக. முழு நேர வேலையில் அவ்வளவு பங்குக்குத்தான் நியமனம், அவ்வளவுக்குத்தான் சம்பளம். அவளோடு இரவு முறை பார்க்கிற உதவியாளர் இங்கா நாற்பத்தொரு சதவீதம். இரண்டையும் கூட்டினால் தொண்ணூற்றொன்பது புள்ளி மூன்று. மீதிப் புள்ளி ஏழு சதவீத ஆள் யார், எந்த அறையில் ஒளிந்திருக்கிறார் என்று இருவரும் பல இரவுகள் யோசித்ததுண்டு. வராந்தாவில் கதவு தானாகச் சாத்திக்கொண்டால் "புள்ளி ஏழு வந்துட்டார்" என்பாள் இங்கா.

சதவீதத்துக்கு உட்பட்ட நாட்களில் ஒட்னி வேலைக்குப் போனாள். மற்ற நாட்களில் போன் அடிக்கும், அப்போதும் போனாள். யாருக்காவது காய்ச்சல், யாருக்காவது பல்வலி, ஒட்னி, இன்றைக்கு ராத்திரி வர முடியுமா? முடியாது என்று சொல்லலாம். சொன்னால் அடுத்த முறை அழைக்க மாட்டார்கள். அதனால் அவளுடைய வாழ்க்கை முழுக்க ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேரத் தூரத்துக்குள்ளேயே நடந்தது. இதில் அதிகம் நஷ்டப்பட்டது முல்த்தெ பழம்.

முல்த்தெ என்பது சதுப்பில் ஒரு காம்புக்கு ஒன்றாகப் பழுப்பது. ஆரஞ்சு நிறம். ஆகஸ்டில் இரண்டே வாரம். எங்கள் தீவில் ஒருவன் தன் வங்கி ரகசிய எண்ணைச் சொன்னாலும் சொல்வான், முல்த்தெ பறிக்கும் இடத்தைச் சொல்ல மாட்டான். ஒட்னியின் கணவன் ஹில்மாருக்கு ஓர் இடம் இருந்தது. படகில் இரண்டு மணி நேரம். கல்யாணம் முடிந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவளுக்கே அதைக் காட்டினான். நிச்சயதார்த்தம் ஆனவுடன் கேட்டபோது, "மோதிரத்தக் கழட்டிரலாம். இடத்த மறக்க வைக்க முடியுமா?" என்று சொல்லிவிட்டான்.

பதினோரு ஆகஸ்டாக அங்கே போகவில்லை. ஒவ்வொரு முறையும் படகில் சாமான் ஏற்றும்போது போன் அடித்தது. ஹில்மார் தனியாகப் போகவும் மறுத்தான். "ரெண்டு பேர் போனா ஒருத்தர் திங்கலாம், ஒருத்தர் சேக்கலாம். தனியாப் போனா திங்கறவன் மட்டுந்தான் போவான்" என்பது அவன் வாதம். ஆகவே அவர்கள் வீட்டு மேஜையில் கடையில் வாங்கிய ஸ்ட்ராபெரி ஜாம் இருந்தது. விருந்தாளி வந்தால் அந்தப் பாட்டிலை லேபிள் தெரியாமல் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பார்கள்.

அந்த ஜூனில் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஸ்கார்வோயில் இரவுப் பணிக்கு நூறு சதவீத வேலை ஒன்றை உருவாக்கலாமா, அல்லது இருக்கிற சதவீதங்களை இன்னும் சிறியதாக நறுக்கி நான்கு பேருக்குக் கொடுக்கலாமா என்று முடிவு செய்யவேண்டும். அதற்காக ஓர் ஆலோசகர் வந்து ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து பார்ப்பார். இரவுப் பணி ஒழுங்காக நடக்கிறதா என்று அறிக்கை எழுதுவார்.

செவ்வாய்க்கிழமை மாலை எட்டரை மணிக்கு ஹில்மார் சமையலறையில் ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தான். வெயில் கடல் மேல் படுத்துக் கிடந்தது, அஸ்தமிக்கிற எண்ணம் அதற்கு ஜூலைக் கடைசி வரை கிடையாது.

"மேல என்ன வைக்கட்டும்?" என்றான்.

"பழுப்புச் சீஸ். பதினோரு வருஷமாக் கேக்குற."

"பெரிய மனுஷன் வர்றானே, சால்மன் கில்மன் வச்சா நல்லாருக்குமேன்னு பாத்தேன்."

"சால்மன் வச்சா எனக்கு மணி தெரியாது. பேசாம அறு."

ஒட்னியின் இரவு அந்தப் பொட்டலத்தில்தான் இருந்தது. ஐந்து ரொட்டித் துண்டுகள், ஒன்றின் மேல் ஒன்று. ஒன்றில் தடவியது மற்றதில் ஒட்டாமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் சதுரமாக ஒரு மெழுகுத் தாள். இந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளை முதல் நீதிபதி வரை எல்லோரும் இப்படித்தான் சாப்பாடு கட்டிக்கொண்டு போவார்கள், தாளும் நூறு நூறாகக் கட்டி கடையில் கிடைக்கும். ஒட்னி செய்த ஒரே புதுமை, வார்டுக்கு வந்ததும் அந்தத் தாள்களில் மெழுகு ஏறாத பக்கம் பென்சிலால் எழுதியது. பெயர் கிடையாது, அறை எண் மட்டும். மேலே பழுப்புச் சீஸ்: அது ஒரு மணி. அடுத்தது தக்காளிச் சாற்றுக் கானாங்கெளுத்தி: இரண்டரை. பிறகு ஈரல் விழுது நான்கு, மீன்முட்டை விழுது ஐந்தரை. தாளில் உள்ள வேலைகள் முடிந்தால்தான் அந்தத் துண்டைத் தின்னலாம். துண்டு போய்விட்டது என்றால் வேலை முடிந்துவிட்டது. மேலே கானாங்கெளுத்தி தெரிந்தால், ஒரு மணி வேலைகளை யாரும் கேட்கவேண்டியதில்லை. இங்காவுக்கும் இது மனப்பாடம்.

வார்டில் கம்ப்யூட்டர் மூன்று, வெள்ளைப் பலகை ஒன்று, கோப்புகள் ஒரு அலமாரி. எல்லாவற்றிலும் எல்லாமும் இருந்தது. எது முதலில் என்பது மட்டும் எதிலும் இல்லை.

கடைசித் துண்டு ஜாம். அது ஏழு மணி, வீட்டுக்குக் கிளம்புகிற நேரம். அந்தத் தாளில் எழுதுவது ஹில்மார். காலைவரை அதைப் பிரித்துப் பார்க்கமாட்டாள்.

"அவன் நல்லபடியா எழுதினான்னா..." என்று ஆரம்பித்தான் ஹில்மார், பொட்டலத்தை மடித்தபடி.

"சொல்லாத."

"ஆகஸ்டுக்கு முன்னால பதில் வந்திருமா?"

"சொல்லாதங்கறேன்ல. நீ போய்த் தூங்கு."

"இந்த வெளிச்சத்துல எவன் தூங்குவான். படகச் சுரண்டப் போறேன்."

ஆலோசகரின் பெயர் பிரெபென் ஹோல்ம்சென். முப்பத்து மூன்று வயது. அவருடைய அட்டையில் 'இரவுநேரச் செயலோட்ட ஒருங்கிணைப்பு முதுநிலை ஆலோசகர்' என்று போட்டிருந்தது. அட்டையே அதற்காக நீளமாக அடிக்கப்பட்டிருந்தது.

"இத ரெண்டா மடிச்சாத்தான் பைக்குள்ள போகும் போல" என்றாள் இங்கா.

தலைநகரத்திலிருந்து வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. விடுதித் திரை மெல்லிசு. இரண்டு ராத்திரியும் முகத்தில் வெயிலோடு படுத்திருந்ததில் கண் சிவந்து, வேகவைத்த நண்டுபோல இருந்தார். ஆனாலும் உற்சாகம் குறையவில்லை. பையிலிருந்து மூன்று நிற மேலங்கிகளை எடுத்தார். நர்ஸ் பச்சை போட்டிருந்தால் பேசலாம். மஞ்சள் என்றால் மருந்து கொடுக்கிறார், பேசக்கூடாது. சிவப்பு என்றால் ஆழ்ந்த சிந்தனை.

"ஆழ்ந்த சிந்தனை வந்தா நாங்க கக்கூஸுக்குப் போயிருவோம்" என்றாள் இங்கா. "அங்க கதவு இருக்கு, அங்கி வேண்டாம்."

பிரெபென் சிரித்தார். சிரித்துவிட்டு அதையும் கையிலிருந்த கணினிப் பலகையில் குறித்துக்கொண்டார். அதன் திரையில் இரவு முப்பத்தாறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது, கட்டத்துக்குக் கால் மணி. தூங்கும் நோயாளிக்குப் பச்சை. யாராவது கை வைத்து மாற்றாதவரை பச்சை பச்சையாகவே இருக்கும். மூன்றேகாலுக்கு 'ஊட்டச்சத்து இடைவேளை' என்று ஒரு கட்டம்.

"நீங்க எந்தக் கருவியை உபயோகிக்கறீங்க, ஒட்னி? உங்களுடைய திட்டமிடல் கருவி?"

ஒட்னி பொட்டலத்தை எடுத்துப் பணியறை மேஜையில் வைத்தாள்.

"இது உங்க சாப்பாடு."

"ரெண்டும் இதுதான் தம்பி. நீ சாப்பிட எதாவது கொண்டாந்தியா?"

"உணவகம் இருக்குமே?"

"நாலு மணிக்குச் சாத்திருவாங்க."

"காலை நாலு மணிக்கா?"

"சாயந்திரம்" என்றாள் இங்கா. "மூணேகாலுக்கு நீ அந்தக் கட்டத்தத்தான் திங்கணும்."

பத்திலிருந்து பன்னிரண்டு வரை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பதினோரு படுக்கையில் எட்டுப் பேர். மருந்து கொடுத்து, சிலரைத் திருப்பிப் படுக்கவைத்து, ஒருவருக்குத் தலையணையை மூன்று முறை சரிசெய்தாகிவிட்டது. அதற்கு நடுவே ஒட்னி மேஜைக்கு வந்து நான்கு தாளிலும் எழுதினாள். சீஸ் தாளில் எழுதியது இரண்டே வரி: 'வடக்குத் திரை 3, 5, 6. மூன்றின் பூட்ஸ் அலமாரி மேல்.'

தெற்கே பிறந்தவர்களுக்கு இது விளங்காது. ஜூனில் எங்கள் சூரியன் நள்ளிரவு தாண்டித்தான் வடக்கு ஜன்னலுக்கு வரும், நேராகத் தலையணையில் விழும். முன்னிரவில் அந்தத் திரைகளை மூடினால் அறை புழுங்கி யாரும் தூங்கமாட்டார்கள். ஒரு மணிக்கு முன் மூடாவிட்டால் எல்லோரும் விழித்துவிடுவார்கள். மூன்றாம் அறை கொன்ராடுக்கு எண்பத்தாறு வயது. நெஞ்சுச்சளிக்காக வந்திருந்தார். அறுபது வருஷம் கடலுக்குப் போனவர். கண்ணில் வெயில் பட்டால் அவருக்குத் தெரிந்த ஒரே காரியம், பூட்ஸைத் தேடுவது.

பன்னிரண்டு இருபதுக்கு எட்டாம் அறைக்காரருக்கு மூச்சு இழுத்தது. ஒட்னி உள்ளே போனாள். டாக்டரைப் போனில் பிடித்து, ஆக்ஸிஜன் வைத்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இங்கா இரண்டாம் அறையில் படுக்கைவிரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். பணியறையில் பிரெபென் தனியாக இருந்தார். அவரும் பொட்டலமும்.

அப்போது நடந்ததை யாரும் பார்க்கவில்லை. பிற்பாடு அவரே எழுதிக் கொடுத்ததால் நமக்குத் தெரியும். மதியத்துக்குப் பிறகு அவர் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. பழுப்புச் சீஸ் வாசனை, காய்ச்சிய பால் அடிப்பிடித்துச் சர்க்கரையான வாசனை, வயிறு காலியாக இருக்கும்போது எவ்வளவு பெரிய ஆலோசகரையும் ஆறு வயதுப் பையனாக்கிவிடும். ஐந்து இருக்கிறதே, ஒன்று போனால் என்ன என்று நினைத்தார். ஒட்டியிருந்த தாளைப் பிய்த்து, சுற்றுக்காகிதம் என்று எண்ணிக் குப்பையில் போட்டார். மூன்று கடியில் முடித்தார்.

பன்னிரண்டே முக்காலுக்கு இங்கா அந்தப் பக்கம் வந்தாள். மேஜையைப் பார்த்தாள். மேலே கானாங்கெளுத்தி. 'அக்கா திரையெல்லாம் மூடிட்டா' என்று எண்ணிக்கொண்டு, அழுக்குத் துணியைக் கீழே கொண்டுபோகக் கிளம்பினாள்.

ஒரு மணிக்குச் சூரியன் வடக்கு ஜன்னலுக்கு வந்தது.

ஐந்தாம் அறையில் இரண்டு பெரியவர்கள் எழுந்து உட்கார்ந்து காப்பி எங்கே என்று சத்தம் போட்டார்கள். ஆறாம் அறை பெத்ரா, தலை சீவிக்கொண்டு, மகள் வருகிற நாளாயிற்றே என்று நாற்காலியைத் துடைத்தாள். அந்தக் குரல்களைக் கேட்டு மற்ற அறைகளும் விழித்தன. கொன்ராட் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கம்பளிச் சட்டை, தொப்பி, பூட்ஸ் எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தன. மாட்டிக்கொண்டு வராந்தா வழியே நிதானமாக நடந்து வந்தார்.

வாசலில் பிரெபென் நின்றிருந்தார்.

"நான் கெளம்புறேன்" என்றார் கொன்ராட்.

"நல்லது" என்று சொல்லிக் கதவைத் திறந்து பிடித்தார் பிரெபென்.

கணினிப் பலகையில் குறிப்பும் எழுதினார்: '01:12. கட்டடப் பராமரிப்பு ஊழியர் வெளியேறல். சுமுகம்.'

ஒன்று இருபதுக்கு ஒட்னி எட்டாம் அறையிலிருந்து வெளியே வந்தாள். அங்கே இருந்தவர் மூச்சு சீராகித் தூங்கிவிட்டார். வராந்தா முழுக்கப் பொன் நிறத்தில் வெயில். ஐந்தாம் அறைக்காரர்கள் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"இங்கா! திரை?"

"நீதான மூடின? சீஸ் போயிருச்சே!"

"நான் எட்டுல இருந்தேன்டீ. ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கல."

இருவரும் மெதுவாகத் திரும்பிப் பிரெபெனைப் பார்த்தார்கள். அவருடைய உதட்டோரத்தில் பழுப்பாக ஒரு துணுக்கு இருந்தது.

"ஒரே ஒரு துண்டு..." என்றார் பிரெபென். "காலையில் வாங்கித் தந்துவிடலாம் என்று..."

"நீ தின்னது ரொட்டி இல்ல தம்பி" என்றாள் ஒட்னி. "ஒரு மணியத் தின்னுட்ட."

அதற்குள் இங்கா மூன்றாம் அறையைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "கொன்ராட் இல்ல. பூட்ஸும் இல்ல."

பிரெபென் அவசரமாகப் பலகையைத் தடவினார். "மூன்றாம் அறை பச்சை. தூங்கறார்."

"அப்ப இதுக்குள்ள போய் எழுப்பிக் கூட்டிட்டு வா" என்றாள் இங்கா.

"ஒரு நிமிஷம். தொப்பி போட்ட பராமரிப்பு ஊழியர் ஒருவர்..." சொல்லும்போதே பிரெபெனின் முகத்தில் வெந்த நண்டின் நிறம் வடிந்தது. "நான்தான் கதவைத் திறந்து பிடித்தேன்."

ஆஸ்பத்திரியிலிருந்து படகுத்துறைக்கு முந்நூறு அடி எடுத்து வைத்தால் போதும், முழுக்க இறக்கம். துறைக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. ஒட்னிக்கு வேலை போவதுகூட அந்த நேரம் நினைவில் இல்லை. வார்டை விட்டு அவள் இறங்கக்கூடாது. இங்கா போனால் விழித்த ஆறு பேரை யார் பார்ப்பது. பதினோரு வருஷமாகத் தன்னை அழைத்துக்கொண்டிருந்த அந்தப் போனை எடுத்து, முதல் முறையாக அவளே ஓர் ஆளை வேலைக்கு அழைத்தாள்.

"ஹில்மார், துறையிலயா இருக்க?"

"ஆமா. என்ன?"

"கொன்ராட் அந்தப் பக்கம் வந்தாரா?"

"என் படகுலதான் உக்காந்திருக்கார். நான் பூசின பெயிண்ட்டக் கோழி கிண்டின மாதிரி இருக்குங்கறார்."

ஒட்னி சுவரில் சாய்ந்தாள். மூச்சை விட்டாள். "மெதுவாக் கூட்டிட்டு வா."

"வரமாட்டேங்கறார். கடல் தோதா இருக்கு, கயித்த அவுத்துவிடுங்கறார். தூக்கிட்டு வந்தா அடிப்பார் போல, கையில துடுப்பு இருக்கு."

ஒட்னி கண்ணை மூடி ஒரு கணம் யோசித்தாள். "இன்னைக்கு ஞாயித்துக்கெழமைன்னு சொல்லு."

"புதன்கெழமைதான?"

"சொல்றதச் சொல்லு."

போனிலேயே கேட்டது. ஹில்மார் சொன்னான். துடுப்பு பலகையில் விழுகிற சத்தம். பிறகு கொன்ராடின் குரல், வெட்கப்பட்ட சிறுவனுடையதைப் போல: "அட, முன்னாடியே சொல்றதில்லையா? ஞாயித்துக்கெழம வலையத் தொட்டேன்னு தெரிஞ்சா எங்கம்மா குழியிலருந்து எந்திரிச்சு வந்துருவா."

எங்கள் பக்கத்துப் பழைய மீனவர்களுக்கு எத்தனையோ மறந்துபோகும். பேரப்பிள்ளைகளின் பெயர் மறக்கும், போட்ட ஓட்டு மறக்கும். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகக்கூடாது என்பது மறக்காது.

போனை வைத்த ஒட்னி வராந்தாவின் நடுவில் போய் நின்றாள். "எல்லாரும் கேளுங்க. இன்னைக்கு ஞாயித்துக்கெழம. யாருக்கும் ஒரு வேலையும் கெடையாது. படுங்க."

ஐந்தாம் அறையில் சீட்டு மடங்கியது. "ஞாயித்துக்கெழமயா சீட்டு ஆடினோம்?" என்று ஒருவர் மற்றவரைக் கடிந்துகொண்டார். பெத்ரா நாற்காலி துடைப்பதை நிறுத்தினாள். "அப்ப மக மத்தியானத்துக்கு மேலதான் வருவா" என்று திருப்தியோடு படுத்தாள். இங்கா ஒவ்வொரு ஜன்னலாகத் திரையை இழுத்தாள். பத்து நிமிஷத்தில் வார்டு அடங்கியது.

பிரெபென் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு இங்காவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்: "இன்னைக்கு நிஜமாவே ஞாயிறா?"

"ஒனக்கு எது வசதி?" என்றாள் இங்கா.

ஒன்றே முக்காலுக்கு ஹில்மார் வந்தான். மீன் பெட்டி தள்ளும் வண்டியில் கொன்ராட் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்ததும் பிரெபெனைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார். "இந்தப் பையன் நல்லவன். கதவெல்லாம் தொறந்து விடறான்."

"ஆமா, ரொம்ப நல்லவன்" என்றாள் ஒட்னி. "பூட்ஸக் கொடுங்க."

அதன் பிறகு இரவு ஒட்னியின் கைக்குத் திரும்பியது. குப்பையிலிருந்து சீஸ் தாளை எடுத்துத் துடைத்து மேலே வைத்தாள். இரண்டரைக்குக் கானாங்கெளுத்தி, நான்குக்கு ஈரல், ஐந்தரைக்கு மீன்முட்டை. எட்டாம் அறைக்கு அரை மணிக்கு ஒருமுறை. எதுவும் பிந்தவில்லை. பிரெபென் பலகையை மூடிவிட்டுத் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றேகாலுக்கு அவருடைய வயிறு கூவியது இங்காவுக்குக் கேட்டது. "ஊட்டச்சத்து இடைவேளை" என்று சொல்லி, ஈரல் விழுதில் பாதியைப் பிய்த்து நீட்டினாள். கேட்டுவிட்டுத்தான் தின்றார்: "இது எத்தனை மணி?"

"நாலுல பாதி. ரெண்டு தலவாணி உறை மாத்தணும். மாத்திட்டுத் தின்னு."

மாற்றினார்.

ஆறு மணிக்குச் சமையற்கட்டு அம்மாள் வந்தபோது அவளிடம் போய் ஒட்னி, "இன்னைக்கு எல்லாருக்கும் முட்ட வேகவை" என்றாள்.

"புதன்கெழம யாருக்கு முட்ட?"

"மத்தியானம் வரைக்கும் ஞாயித்துக்கெழம. பின்னாடி சொல்றேன், வேகவை."

ஞாயிற்றுக்கிழமை முட்டை இல்லாவிட்டால் எட்டு பேரும் சேர்ந்து பொய்யைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அம்மாள் முட்டையோடு நிற்காமல் ரொட்டியும் புதிதாகச் சுட்டாள். வாசனை வார்டு முழுக்கப் பரவியது. ஐந்தாம் அறைக்காரர்கள் துதிப்பாட்டு ஒன்றை ஆரம்பித்தார்கள், ஆளுக்கொரு மெட்டில்.

இனி பாக்கி இருந்தது ஒரு படிவம். நோயாளி வெளியே போனால் எழுதியாக வேண்டும், மறைக்க முடியாது. மறைக்கிற ஆளும் இல்லை ஒட்னி. என்ன நடந்தது, எப்போது, யார் பணியில் என்றெல்லாம் எழுதிவிட்டாள். கீழே ஒரு கட்டம் காலியாக இருந்தது: 'காரணம்.' அந்தக் கட்டத்தில் 'இரவுப் பணியில் ஒழுங்கின்மை' என்று விழுந்தால் நூறு சதவீதமும் போய்விடும், ஐம்பத்தெட்டும் நறுக்குப்படும்.

"இத நான் நெரப்பட்டுமா, நீ நெரப்பறியா தம்பி?" என்று படிவத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

பிரெபென் பேனாவை எடுத்தார். நெடுநேரம் யோசித்து எழுதினார். 'வெளிநபர் ஒருவரால் திட்டமிடல் கருவியின் மேலடுக்கு எதிர்பாராத வகையில் உட்கொள்ளப்பட்டமை.'

"என்ன எழுதியிருக்கான்?" என்றாள் ஒட்னி.

"ரொட்டியத் தின்னுட்டானாம்" என்றாள் இங்கா. "ஆனா யாருன்னு தெரியலியாம்."

பிரெபென் எழுதியதை அடித்தார். மறுபடி எழுதினார். 'எனக்குப் பசித்தது. நான் தின்றேன். கதவையும் நான்தான் திறந்தேன்.' அவர் உத்தியோகத்தில் எழுதிய மிகச் சிறிய வாக்கியங்கள் அவையாகத்தான் இருக்கும். எழுதி முடித்ததும் ஆள் சற்று உயரமாகத் தெரிந்தார்.

"சாப்பிடு" என்று ஒட்னி மீதியிருந்த கடைசித் துண்டை அவரிடம் நகர்த்தினாள். அதில் ஹில்மாரின் தாள் இருப்பது அவளுக்கு நினைவில்லை, அவ்வளவு அசதி. பகல் முறைக்காரர்கள் ஐந்து பேர் பணி மாற்றத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். பிரெபென் பாடம் கற்றவர். தின்பதற்கு முன் தாளை எடுத்து உரக்கப் படித்தார்:

"'முல்த்தெ பூத்திருக்கு. போன் அடிச்சா எடுக்காதே. இந்த வருஷமாவது வா.'"

பகல் முறைக்காரர்கள் ஐந்து பேரும் ஒட்னியைப் பார்த்தார்கள்.

"இது எத்தனையாம் அறை?" என்றார் பிரெபென், தாளைத் திருப்பிப் பார்த்தபடி. "எந்த நேரத்து வேலை?"

ஒட்னிக்குக் காது வரை சிவந்தது. "அது பதினோரு வருஷமா முடியாத வேல தம்பி. கொடு இங்க."

அவர் தாளைக் கொடுத்தார். துண்டையும் கொடுத்தார். "வேலை முடியாமல் தின்னக்கூடாது இல்லையா?" என்றார்.

ஜூலை நடுவில் அறிக்கை வந்தது. நாற்பத்திரண்டு பக்கம். அதில் ரொட்டி என்ற சொல்லே இல்லை. 'உணவுசார் அடுக்குமுறை நேரக் கருவி' என்று இருந்தது. அந்தக் கருவியைப் பகுதி பகுதியாகப் பலரிடம் ஒப்படைக்க இயலாது என்றும், ஒரே நிரந்தரப் பொறுப்பாளர் முழு நேரமும் தேவை என்றும் முப்பத்தெட்டாம் பக்கத்தில் கண்டிருந்தது. பத்து நாள் கழித்து வேலை உத்தரவு வந்தது. ஒட்னி, நூறு சதவீதம். இங்காவுக்கு ஐம்பது. 'நிலையான அலுவலர் ஆகஸ்டில் இரண்டு வார விடுப்பை முன்கூட்டியே குறித்துக்கொள்ளலாம்' என்ற வரியின் கீழ் ஹில்மார் பேனாவால் கோடு போட்டு, உத்தரவைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினான்.

"புள்ளி ஏழு என்னக்கா ஆனார்?" என்று கேட்டாள் இங்கா.

"ஓய்வு பெத்துட்டார்" என்றாள் ஒட்னி.

ஆகஸ்ட் எட்டாம் தேதி அவர்கள் சதுப்பில் நின்றார்கள். முழங்கால் வரை ஈரம், காதைச் சுற்றிக் கொசு, கண்ணுக்கெட்டிய மட்டும் ஆரஞ்சுப் புள்ளிகள். ஒட்னி சேர்த்தாள், ஹில்மார் தின்றான். கொஞ்ச நேரம் கழித்து முறை மாற்றிக்கொண்டார்கள். வாளி பாதி நிறைந்தபோது அவளுடைய பையில் போன் அடித்தது.

இருவரும் அப்படியே நின்றார்கள். பதினோரு வருஷப் பழக்கத்தில் ஹில்மார் வாளியை மூடவே ஆரம்பித்துவிட்டான். ஒட்னி போனை எடுத்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரி இல்லை.

"ஒட்னி! பிரெபென் பேசறேன்" என்றது குரல். "ஏழு ஆஸ்பத்திரியில் கருவியை அறிமுகம் செய்தாயிற்று. ஒரே ஒரு சிக்கல். தெற்கே ஓர் இடத்தில் பழுப்புச் சீஸ் பிடிக்காதவர்கள் இருக்கிறார்கள். ஒரு மணிக்கு வேறு என்ன வைக்கலாம்?"

"பிடிக்கிற வேற எதாவது வையி. ஆனா தெனமும் அதையே வையி."

"அருமை. எழுதிக்கிறேன்." எழுதுகிற சத்தம். "காற்றுச் சத்தம் கேட்கிறதே, வெளியே இருக்கீங்களா?"

"முல்த்தெ பறிக்கிறோம் தம்பி."

"ஆஹா! ரொம்ப சந்தோஷம், ஒட்னி. எந்தப் பக்கம்? எந்தச் சதுப்பில்?"

ஒட்னி போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

"யாரு?" என்றான் ஹில்மார், வாய் நிறைய.

"தப்பு நம்பர்" என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த காம்புக்குக் குனிந்தாள்.